6-ம் வகுப்பில் எந்தப் பள்ளி? கும்பகோணம் பெற்றோர் உஷார்!

கும்பகோணத்தில் கணித மேதை ராமானுஜன் 1898-ல் சேர்ந்து படித்த டவுன் பள்ளிக்கு இன்றும் தனி மவுசுதான். ஆனால் அது அரசுப் பள்ளி அல்ல, அரசு உதவி பெறும் பள்ளி. பாடமும் பொதுத்தேர்வும் இரண்டிலும் ஒன்றுதான். பிளஸ்-2 முடித்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

மருத்துவப் படிப்பில் 2020-லும், என்ஜினீயரிங்கில் 2021-லும் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கே. மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் சேரும். சீட் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமா என்ன? 6-ம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்துவிட்டு, பிளஸ்-1-க்கு உதவி பெறும் பள்ளிக்கு மாறினால் அத்தனையும் போச்சு.

உயர்நிலைப்பள்ளி என்றால் 10-ம் வகுப்பு வரைதான். அதனால் சேர்க்கும்போதே மேல்நிலைப்பள்ளியா, உயிரியல் குரூப் உண்டா என்று கேட்டுவிட வேண்டும்.