ஒரே தாது, இரு மலைகள்: கொல்லிமலையும் நியமகிரியும்

2008ஆம் ஆண்டில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இரு வேறு பகுதிகளில், ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு காரியங்கள் நடந்தன. ஆகஸ்டில், ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் தோண்ட வனநிலத்தைப் பயன்படுத்திக்கொள்ள உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் நடந்துவந்த பாக்சைட் சுரங்கம் நின்றுபோனது. தாதுவும் ஒன்று, தொழில் குழுமமும் ஒன்று. மேட்டூரில் 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனியை, அதாவது மால்கோவை, 1995இல் ஸ்டெர்லைட் வாங்கியது. ஸ்டெர்லைட் பின்னாளில் வேதாந்தா குழுமமாக வளர்ந்தது. நியமகிரியின் அடிவாரத்தில் லாஞ்சிகரில் சுத்திகரிப்பு ஆலை கட்டியதும் அதே குழுமம்தான்.

ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தால் கதை தலைகீழாகிவிட்டது. அனுமதி கிடைத்த நியமகிரியில் ஒரு கூடைத் தாதுகூட எடுக்க முடியவில்லை. பழங்குடி மக்களின் வெற்றி என்று உலகமே அதைப் பேசியது. சுரங்கமே நின்றுபோன கொல்லிமலையை யாரும் வெற்றிக் கணக்கில் சேர்க்கவில்லை. கொல்லிமலைக்காரர்களுக்குக் கோபம் குறைவு, நியமகிரியின் கோந்து பழங்குடி மக்களுக்கு அதிகம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நிலத்தின் மீது யாருக்கு என்ன உரிமை, மறுப்புச் சொல்லும் இடம் எது என்பதில்தான் இந்த வேறுபாட்டின் வேர் இருப்பதாக எனக்குப் படுகிறது.

மலைகளைப் பொறுத்தவரை ஒற்றுமைகள் ஏராளம். இரண்டிலும் பாக்சைட் உச்சியில்தான் படிந்திருக்கிறது. மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து ஓடைகளாகக் கசியவிடுவதும் அந்த மேற்படுகைதான். இரண்டும் கோயில் கொண்ட மலைகள். கொல்லிமலையில் அறப்பளீஸ்வரர் கோயிலும் அதன் கீழே ஆகாய கங்கை அருவியும் இருக்கின்றன. நியமகிரியின் உச்சி, டோங்ரியா கோந்து மக்கள் தங்கள் தெய்வமாகிய நியமராஜாவின் இருப்பிடம் என்று நம்பும் இடம். அந்த மக்கள் சுமார் 8,000 பேர். கொல்லிமலையில் வாழ்வோர் ஏறத்தாழ 40,000 பேர். பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு என நாடுநாடாகப் பிரிந்து, ஊர்க் கவுண்டர் தலைமையில் கூடி வழக்குத் தீர்த்த மரபு அவர்களுடையது. கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கம் இரு தரப்புக்கும் உண்டு. ஒரு தரப்பின் கூட்டத்துக்குச் சட்டம் காது கொடுத்தது. மறு தரப்பின் கூட்டம் கோயில் திருவிழாவோடு நின்றுவிட்டது.

காரணம், பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தரும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை. நியமகிரி பரவிக் கிடக்கும் ராயகடா மாவட்டமும், காளஹண்டி மாவட்டத்தின் லாஞ்சிகர் ஒன்றியமும் அந்த அட்டவணையில் வருகின்றன. அங்கே பழங்குடியினரின் நிலத்தை மற்றவர்கள் வாங்குவதைத் தடுக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் 1956லிருந்தே இருக்கிறது. கிராம சபைக்குத் தன் வழக்கங்களைக் காத்துக்கொள்ளும் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமும் பொருந்தும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. கல்வராயன், ஜவ்வாது, சேர்வராயன், கொல்லி என எந்த மலையும் அதில் இல்லை. ஆகவே பெசாவும் இங்கே இல்லை. மிச்சமிருப்பது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அது நாடு முழுமைக்கும் பொருந்தும். ஆனால் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால், அந்தச் சட்டத்தின்கீழ் உரிமைப் பட்டா வழங்குவது தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. மால்கோவின் கொல்லிமலைச் சுரங்கம் நின்ற காலமும் அதே முடக்கக் காலம்தான்.

இனி இரண்டு சுரங்கங்களும் தடைபட்ட விதத்தை அருகருகே வைத்துப் பார்ப்போம். நியமகிரிக்கு 2010இல் மத்திய அரசு அமைத்த என்.சி. சக்சேனா குழு சென்றுவந்து அறிக்கை கொடுத்தது. அந்த ஆகஸ்டிலேயே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வன அனுமதியை மறுத்தார். வழக்கு மறுபடியும் உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு, மக்களின் வன உரிமையும் வழிபாட்டு உரிமையும் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து முடிவு சொல்லட்டும் என்றது. ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 19 வரை 12 ஊர்களில் சபை கூடியது. மாவட்ட நீதிபதி நிலையிலிருந்த அதிகாரிகள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்தார்கள். 12 ஊர்களும் ஒரே குரலில் ‘வேண்டாம்’ என்றன.

கொல்லிமலையில் இப்படிச் சபையும் கூடவில்லை, யாரும் ஊரைக் கேட்கவும் இல்லை. குத்தகைப் புதுப்பிப்பும் சுற்றுச்சூழல் அனுமதியும் கோப்பில் இழுத்தடித்தன. சூழல் ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அதே நேரத்தில் உலகச் சந்தையும் சரிந்தது. 2008 ஜூலையில் டன்னுக்கு 3,000 டாலரைத் தாண்டியிருந்த அலுமினியம், டிசம்பரில் அதில் பாதி விலைக்கு வந்துவிட்டது. மலையைக் காப்பாற்றியது வழக்கா, கோப்பா, விலைச் சரிவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கோப்பினால் நின்றது இன்னொரு கோப்பினால் திறக்கலாம். சபை சொன்ன மறுப்பை மீற, மறுபடியும் சபைக்குத்தான் வரவேண்டும்.

பணத்தைப் பாருங்கள். நியமகிரியின் விலை என்ன என்பதற்கு நீதிமன்ற ஆவணத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. 2007 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனை இது: வரிக்கு முந்தைய ஆண்டு லாபத்தில் 5 சதவீதம் அல்லது 10 கோடி ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதை அந்தப் பழங்குடிப் பகுதியின் வளர்ச்சிக்கு ஒதுக்க வேண்டும். குறைவுதான், ஆனாலும் ஒரு தொகை எழுத்தில் வந்தது. அதை வைத்து ‘எங்கள் மலை இந்த விலைக்கா?’ என்று கேட்க முடிந்தது. சுரங்க வருவாயில் ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளை வழியாக அந்தந்தப் பகுதிக்கே கொடுக்கும் ஏற்பாடு சட்டமானது 2015இல். கொல்லிமலைச் சுரங்கம் அதற்கு ஏழாண்டு முன்பே நின்றுவிட்டது. அதுவரை போன தாதுவுக்கான ராயல்டி சென்னைக் கருவூலத்துக்கு, லாபம் பங்குதாரர்களுக்கு.

அந்தப் பங்குதாரர்களில் சிலருக்கு உறுத்தியதும் உண்மை. நார்வே அரசின் ஓய்வூதிய நிதி 2007இல் வேதாந்தா பங்குகளை விலக்கியது; அதன் அறநெறிக் குழு ஆராய்ந்த துணை நிறுவனங்களில் மால்கோவும் ஒன்று. இங்கிலாந்துத் திருச்சபை 2010இல் தன் பங்குகளை விற்றது. பெயரும் பங்கு விலையும் உள்ள பெருநிறுவனத்தின் மீது கோபப்படுவதில் இந்த வசதி உண்டு: கல்லெறிய இலக்குத் தெரியும்.

கொல்லிமலையில் இன்றைய அன்றாடச் சுரண்டலுக்கு அப்படிப்பட்ட பெயர்ப்பலகை கிடையாது. சாமையும் தினையும் பனிவரகும் விளைந்த காடுகளில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மரவள்ளி ஏறிவிட்டது. சாமையை உரலில் இட்டுக் குத்திச் சோறாக்குவதற்குள் பெண்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். மரவள்ளியோ பிடுங்கியதும் பணம். அதனால் மாறினார்கள், அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பணம் எப்படி நிர்ணயமாகிறது? கிழங்கு லாரியில் இறங்கி, சமவெளியின் சேகோ (ஜவ்வரிசி) ஆலை வாசலுக்குப் போகிறது. லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து, தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்த்து, மாவுச்சத்து எத்தனை ‘பாயிண்ட்’ என்று சொல்வார்கள். விலை பாயிண்ட் கணக்கில்தான். 28 பாயிண்ட் வரும் என்று நம்பி ஏற்றிவிட்ட கிழங்குக்கு 24 என்று சொன்னால் மறுக்க வழியில்லை. மழை பெய்தால் பாயிண்ட் இறங்கும் என்பது விவசாயிக்கும் தெரியும். எவ்வளவு இறங்கும் என்பது கருவி வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும். கிழங்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவு ஏறவா முடியும்? வெட்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும்.

1981இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனம் ஆலைக்காரர்களை இடைத்தரகர் பிடியிலிருந்து மீட்டது. அதன் உறுப்பினர்கள் ஆலை உரிமையாளர்கள். கிழங்கு விளைவிப்பவருக்கு அங்கே நாற்காலி இல்லை. விலை வீழும்போதெல்லாம் ஆட்சியர் கூட்டும் முத்தரப்புக் கூட்டம்தான் அவருக்குக் கிடைக்கும் சபை. ஆலைக்காரர்களும் பெருமுதலாளிகள் அல்லர். வடநாட்டு ஜவ்வரிசிச் சந்தையின் ஏற்ற இறக்கத்தில் தள்ளாடும் நடுத்தர முதலாளிகள். ஆகவே இங்கே கோபம் எவர் மீதும் முழுதாக விழாமல், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிப்போகிறது.

இதையெல்லாம் வைத்து, கொல்லிமலைக்காரர் கையிலுள்ள தனிப்பட்டாவை, அதாவது தனிநபர் நில உரிமையை, நான் குறை சொல்லவில்லை. பட்டா இருப்பதால்தான் கொல்லிமலைக்காரர் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்ற முடிகிறது, கூட்டுறவு வங்கியில் கடன் கேட்க முடிகிறது. நியமகிரியின் கூட்டு உரிமையும் குறையில்லாதது அல்ல. 2013இல் வென்ற மக்கள் அதனால் பணக்காரர்கள் ஆகிவிடவில்லை. லாஞ்சிகர் ஆலை வேறிடத்துத் தாதுவை வைத்து ஓடுகிறது, விரிவடைந்தும் இருக்கிறது. 2023இல் பக்கத்துச் சிஜிமலை வேதாந்தாவுக்குப் போக, அங்கே மறுபடி போராட்டமும் கைதுகளும். ஒரு மலையின் மறுப்பு அடுத்த மலைக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை.

ஆனால் இரண்டையும் எடைபோட்டால் எனக்குக் கிடைப்பது இதுதான். தனி உரிமை ஒருவருக்கு விற்கவும் அடகு வைக்கவும் பலம் தருகிறது; பேரம் பேசப் பலம் தருவதில்லை. அதற்குக் கூட்டு வேண்டும். டோங்ரியா மக்கள் வென்றது 12 சபைகளாக உட்கார்ந்ததால்; கொல்லிமலை விவசாயி தோற்பது ஆலை வாசலில் தனியாளாக நிற்பதால். நியமகிரியிலிருந்து கொல்லிமலைக்குக் கொண்டுவர வேண்டியது போராட்ட முழக்கத்தை அல்ல, அந்தச் சபையை. வன உரிமைச் சட்டத்தின்படி சமூக வன உரிமையைக் கிராம சபைகள் கேட்டுப் பதிவுசெய்தால், பாக்சைட் கோப்பு என்றைக்காவது மறுபடி திறக்கும்போது பதில் சொல்ல ஒரு சபை தயாராக இருக்கும். பாயிண்ட் பார்க்கும் கருவியை மலைமேலுள்ள செம்மேட்டில், விவசாயிகளின் பொறுப்பில், லாரி இறங்குவதற்கு முன்பே வைத்துவிட்டால் பேரம் மலைமேலேயே தொடங்கும். முன்னதற்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. பின்னதற்குச் சட்டமும் தேவையில்லை; ஒரு தராசும், அதைச் சுற்றி உட்காரும் ஆட்களும் போதும்.