கடல் கடந்த தமிழரும் கறிச்சரக்கும்

ஊர்ப்பெயர்கள் வரலாற்றுக்குத் துணைபுரிவன. திருநெல்வேலியினின்று தென்காசிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த பாவூர்சத்திரம் என்னும் ஊரின் பெயரும் அத்தகையது. சத்திரம் என்பது வழிச்செல்வோர் தங்கி உண்ணுதற்கென அமைந்த அறநிலையம். வீட்டை நீங்கியவனுக்கு முதற்கண் எழும் வினா உணவைப் பற்றியதேயாம். தமிழகத்துள் வழிநடந்தோர்க்கு அவ்வினாவின் விடையாகச் சத்திரங்கள் நின்றன. கடல் கடந்து சென்றோர் தமக்குப் பழகிய உணவையும் அதற்குரிய சரக்கையும் எங்ஙனம் பெற்றனர்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சியின் பொருட்டு உணவுப் பொருள்களை இருவகையாகப் பகுத்துக் கொள்ளலாம். அரிசி, பருப்பு, புளி, வற்றல் முதலியன கலத்தில் ஏற்றிச் சென்றவை. முருங்கை, கறிவேப்பிலை, மா முதலியன சென்ற மண்ணில் ஊன்றி வளர்த்தவை. முன்னவை வாணிகத்தையும் ஆட்சியையும் சார்ந்தன. பின்னவை உழைப்பைச் சார்ந்தன. இவ்வேறுபாடு புலம்பெயர்ந்தோர் வாழ்க்கையைப் பெரிதும் பாதித்தது என்பது பின்வரும் சான்றுகளால் விளங்கும்.

பழஞ்சான்றுகள்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஈழத்திலிருந்து உணவுப்பொருள் வந்திறங்கியமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அவ்வாறே தமிழர் உணவும் வெளிச்சென்றது. எகிப்து நாட்டுச் செங்கடற்கரையிலுள்ள பெரெனிகே என்னும் பழந்துறையில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு இருந்த இந்தியத் தாழி ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. மிளகு உரோமர் விரும்பி வாங்கிய பண்டம். ஆதலின் அது வாணிகச் சரக்காதல் கூடும். ஆயின் அங்கே நெல்லரிசியும் பாசிப்பயறும் கிடைத்துள்ளன. இவை உரோமர் அங்காடியில் மிளகைப்போற் பெருவிலை பெற்றவை அல்ல; எனவே அங்குத் தங்கிய இந்தியர்தம் அடுக்களைக்கென வந்தவை எனக் கருத இடமுண்டு. அக்கரையிலேயே உள்ள குசைர் அல்கதீம் என்னுமிடத்திற் கிடைத்த பானையோட்டின் தமிழ்ப் பிராமி எழுத்துகளை ஐராவதம் மகாதேவன் 2007ஆம் ஆண்டில் 'பானை ஒறி' எனப் படித்தார். அதன் காலம் ஏறத்தாழக் கி.மு. 1ஆம் நூற்றாண்டு. 'ஒறி' என்பது இன்றைய 'உறி' என்பதேயாம். அரசன் புகழன்று, வீட்டுப் பண்டம் ஒன்றன் பெயரே அந்நெடுந்தொலைவில் எழுதப்பட்டது என்பது கருதத்தக்கது.

கூலியும் அரிசியும்

பிற்காலத்துப் பெரும் பெயர்ச்சி வாணிகத்தால் அன்றி ஒப்பந்தக் கூலி முறையால் நிகழ்ந்தது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'துருரோ' என்னும் கப்பல் சென்னையினின்று 342 பேரை நேட்டாலின் தர்பன் துறையிற் சேர்த்தது. 1911 வரையில் அந்நாட்டுக்குச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் அல்லது நெய், உப்பிட்ட மீன் ஆகியன அவர்களுக்குப் படியாக அளக்கப்பட்டன. அரிசிக்கு மாறாக மக்காச்சோள மாவு அளப்பதும் உண்டு. இலங்கைத் தோட்டங்களிலோ கூலியின் ஒரு பகுதி அரிசியாகவே கொடுக்கப்பட்டு, அதன் விலை கணக்கிற் கழிக்கப்பட்டது. தொழிலாளி தான் உண்ணும் அரிசியைத் தானே தேடி வாங்கும் உரிமையை இழந்தான். பழகிய உணவு கிடைத்தது உண்மையே. அவ்வுணவே கடனுக்கும் கட்டுக்கும் கருவியாயிற்று என்பதும் உண்மையே.

வணிகர் நிலை வேறு. இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நகரங்களில் நகரத்தார் 'கிட்டங்கி' எனப்படும் கட்டடங்களில் ஒருங்கு தங்கித் தொழில் நடத்தினர். தம் நாட்டுச் சமையலைப் பொதுவில் நடத்தி உண்டனர். ஊர்விட்டு வந்தோர்க்கு உறையுளும் உணவும் தந்த வகையில் கிட்டங்கியைக் கடல் கடந்த சத்திரம் எனலாம். ஆயின் சத்திரம் அறத்தால் நடந்தது. கிட்டங்கி முதலால் நடந்தது.

ஏற்றிச் சென்ற பொருளின் நிலையாமையை 1942ஆம் ஆண்டு காட்டிற்று. மலாயா தனக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பகுதியைப் பர்மா, சயாம் நாடுகளினின்று பெற்று வந்தது. சப்பானியர் ஆட்சியில் அவ்வரத்துக் குன்றியபோது, அரிசியுண்டு பழகியோர் மரவள்ளிக்கிழங்கைக் கொண்டு உயிர் பிழைத்தனர். கப்பல் நின்றவிடத்துக் கைகொடுத்தது நிலத்தில் ஊன்றிய பயிரே.

தோட்டமும் வரியும்

நேட்டாலில் ஒப்பந்தம் நீங்கியோர் பலர் சிறு நிலம் பிடித்துக் காய்கறி பயிரிட்டனர். இந்தியக் காய்கறி வகைகள் பலவற்றையும் மாவையும் அந்நாட்டிற் புகுத்தியவர் இந்தியரே எனக் காந்தியடிகள் தம் வரலாற்றிற் குறிப்பிடுகின்றார். தம் சுவைக்கெனத் தேடியது பிழைப்புக்கும் வழியாயிற்று, விலையும் தாழ்ந்தது. ஆங்கிருந்த வெள்ளை வணிகர் இதனைப் பொறாராயினர். ஒப்பந்தம் முடிந்தும் அங்கே தங்குவோர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்க 1895இல் இயற்றப்பட்ட சட்டத்திற்கு இப்போட்டியும் ஒரு காரணம். அவ்வரி நீங்குதற்குத் தமிழ்த் தொழிலாளர் பலர் சிறை புகுந்தனர். 1914இல் அது நீங்கிற்று. எனவே ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றுதலும் அந்நாட்டில் எளிய செயலாக இருந்திலது; அது தங்கி வாழும் உரிமையைக் கோருதலும் ஆயிற்று.

சொற்சான்று

ஊன்றி வளர்த்த பொருளோடு அதன் பெயரும் வேரூன்றியது. மொரீசியசில் முருங்கைக்கீரை 'பிரேத் முரூம்' எனவும் கறிவேப்பிலை 'கரிப்புலே' எனவும் வழங்கும். இரெயூனியன் தீவில் கறிவேப்பிலையைக் 'கலுப்பிலே' என்பர். ஈண்டு ஒரு தடை எழலாம். முருங்கை என்பதன் இனச்சொல் மலையாளத்திலும் சிங்களத்திலும் உண்டு. 'கறி' என்பதோ ஐரோப்பியர் வாயிலாகவும் உலகெங்கும் பரவியது. ஆதலின் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு முடிவு கூறுதல் பொருந்தாது. குடியேற்றக் காலம், குடியேறினோர் தொகை, அவ்வட்டார ஒலிமாற்றம் மூன்றும் ஒத்துவரும்போதே சொல் சான்றாகும். இவ்வளவையால் நோக்கின், தமிழர் பெருகக் குடியேறிய அத்தீவுகளின் கறிவேப்பிலைப் பெயர்கள் வலிய சான்றுகளாகின்றன. வீட்டு மொழியாகத் தமிழ் அருகிய பின்னரும் அச்சொற்கள் அடுக்களையில் நின்றன.

தமிழகமும் இவ்வாறே பிற நாட்டுப் பொருளை ஏற்றுள்ளது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்த பயிர். தமிழர் அதற்கு மிளகை அடியாகக் கொண்டு பெயர் அமைத்தனர். வந்த பொருளுக்குப் பழைய பெயரைப் பொருத்துதல் உள்நாட்டார் இயல்பு. பழைய பொருளைப் பெயரோடு கொண்டு செல்லுதல் புலம்பெயர்ந்தார் இயல்பு.

பாவூர்சத்திரத்துச் சந்தையினின்று இந்நாளில் காய்கறிகள் மலை கடந்து கேரளத்துக்குச் செல்கின்றன. சரக்கின் செலவை அறியப் பேரேடுகள் உள. ஆயின் இலங்கை மலைத்தோட்டத்திலும் நேட்டால் கரும்புக்காட்டிலும் ஊன்றப்பட்ட விதைகளை எந்தப் பேரேடும் குறித்து வைத்திலது. அவற்றை அறிவிப்பன முதியோர் வாய்ச்சொற்களே. அவர்தம் தலைமுறை மறையுமுன் அவ்வடுக்களைச் சொற்களை வட்டாரந்தோறும் தொகுத்தல் தமிழாய்வு மாணவர் கடனாகும்.