ஊசி பிறந்த நகரம்

1996-இல் வெளிவந்த 'டிரெயின்ஸ்பாட்டிங்' என்னும் திரைப்படம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஹெராயினுக்கு அடிமைப்பட்ட நண்பர் சிலரின் கதை. இர்வின் வெல்ஷ் 1993-இல் வெளியிட்ட நாவலைத் தழுவி டேனி பாயில் இயக்கியது. பார்ப்போர் பல இடங்களில் வாய்விட்டுச் சிரிப்பர். உடனேயே நெஞ்சு கனக்கும். அதில் டாமி என்றோர் இளைஞன், ஹெராயினை அண்டாதிருந்தவன். காதலி பிரிந்த துயரில் அதை நாடுகிறான், எச்.ஐ.வி. தொற்றுகிறது. அவள் மனத்தை மாற்ற வாங்கிய பூனைக்குட்டியின் கழிவிலிருந்து பற்றிய கிருமியால் மடிகிறான். பூனைக்குட்டிக்கு ஒன்றும் நேரவில்லை!

இக்கொடிய நகைச்சுவைக்குப் பின்னே அந்நகரின் வரலாறு நிற்பதை நாம் காண்கிறோம்.

தோலுக்கடியில் ஊசியால் மார்ஃபின் ஏற்றும் முறையை 1853-இல் கையாண்டு, பின் அதைப் பரப்பியவர் எடின்பரோ மருத்துவர் அலெக்சாண்டர் வுட். வலி தீர்ப்பதே அவர் நோக்கம். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன் அந்நகரிலேயே அறுவை மருத்துவப் பட்டயம் பெற்ற வில்லியம் ஜார்டைனோ, பின்னாளில் நம் நாட்டு அபினியைச் சீனருக்கு விற்றுப் பெருஞ்செல்வரானார். அவரும் மருத்துவம் கற்றவரே!

1980-களின் தொடக்கத்தில், வேலையின்மை வாட்டிய எடின்பரோக் குடியிருப்புகளில் ஹெராயின் மலிந்தது. ஊசி கிடைக்காவிடில் பழக்கம் ஒழியும் என்று அதிகாரிகள் எண்ணினர் போலும். ஊசி விற்பனை முடக்கப்பட்டது. வைத்திருந்தோரிடமிருந்து காவலர் அவற்றைப் பறித்தனர். பழக்கம் ஒழியவில்லை. ஓர் ஊசியே பலர் கைக்கு மாறியது. மியூர்ஹவுஸ் பகுதி மருத்துவர் ராய் ராபர்ட்சனும் அவர்தம் துணைவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட 164 பேரில் 51 விழுக்காட்டினருக்கு அத்தொற்று இருந்தது. ஈரல் அழற்சிச் சோதனைக்கென முன்பே எடுத்துச் சேமித்த குருதி, 1983-லேயே அது நுழைந்துவிட்டதைக் காட்டிற்று.

ஹெராயின் அண்டை நகரான கிளாஸ்கோவிலும் பரவியிருந்தது. ஆனால் அங்கே புதிய ஊசி பெறுவது இத்துணை அரிதாயில்லை. தொற்றும் மிகக் குறைவே. (எடின்பரோவின் கதையாகிய இப்படத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோவில்தான் எடுக்கப்பட்டது என்பதும் ஒரு விந்தை.)

ஊசி வழங்குவது தீமைக்குத் துணைபோவதாகும் என்போரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம்; பிள்ளைகளைப் பெற்றோர் எவர்க்கும் அவ்வச்சம் எழும். ஆயினும் பழக்கத்திலிருந்து மீட்க ஆள் உயிரோடிருக்க வேண்டுமே! 1986-இல் அரசு அமைத்த மெக்லெலண்ட் குழு, தூய ஊசிகளை வழங்குமாறு பரிந்துரைத்தது. மறு ஆண்டே எடின்பரோவில் அது தொடங்கிற்று. டாமியின் வயதொத்த பலருக்கு அதற்குள் நோய் தொற்றிவிட்டிருந்தது.