பட்டம் முந்தி, பதவி பிந்தி: தீவிர சிகிச்சைச் செவிலியரின் முதுநிலைக் கல்வி

இந்தியாவில் செவிலியருக்கு முதுநிலைப் படிப்பு புதிதில்லை. எம்.எஸ்சி. நர்சிங் பல பதிற்றாண்டுகளாக நடந்துவருகிறது. மருத்துவ-அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என்று அதில் சிறப்புப் பிரிவுகளும் உண்டு. ஆனால் நடைமுறையில் அது நர்சிங் கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான தகுதியாகவே பயன்பட்டுவந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் நிலைத்துவிட்டவருக்கு இருக்கும் வழி செவிலியர் கண்காணிப்பாளர் பதவி. அங்கே பணிப் பட்டியல் போடுவதும் பொருள் இருப்பைச் சரிபார்ப்பதும் நாளைத் தின்றுவிடும். ஒரு வழி வகுப்பறைக்குப் போகிறது, மற்றது அலுவலக மேசைக்குப் போகிறது. கைதேர்ந்த செவிலியரை நோயாளியின் படுக்கையருகிலேயே வைத்துக்கொண்டு உயர்த்தும் வழி எதுவும் இல்லாமல் இருந்தது.

இந்தக் குறையை நேராகத் தொட்ட படிப்பு, இந்திய நர்சிங் கவுன்சில் 2010களின் பிற்பாதியில் கொண்டுவந்த ‘நர்ஸ் பிராக்டிஷனர் - தீவிர சிகிச்சை’ என்னும் ஈராண்டு முதுநிலைப் பட்டம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, குறைந்தது ஓராண்டு மருத்துவமனை அனுபவம் பெற்றவர்கள் சேரலாம். நேரத்தில் 20 விழுக்காடு பாடத்துக்கு, 80 விழுக்காடு நோயாளிப் பணிக்கு. மாணவர் உறைவிடப் பயிற்சியாளராக ஐ.சி.யூ.வில் பணி செய்துகொண்டே படிக்கிறார். உயர்நிலை உடலியக்கவியல், நோய்க்கூற்றியல், மருந்தியல், உடல் பரிசோதனை ஆகியவற்றின் மேல் தீவிர சிகிச்சைப் பாடங்கள் அமைகின்றன. வடிவமைப்பில் இதைவிடப் பொருத்தமான செவிலியக் கல்வி நம் நாட்டில் வகுக்கப்பட்டதில்லை என்பது என் மதிப்பீடு.

இவ்வளவு நன்றாகப் பயின்று வெளிவருபவர் மறுநாள் எந்தப் பெயரில், எந்த அதிகாரத்தோடு பணியில் சேர்கிறார் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. பாடத்திட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. மருத்துவமனையின் நெறிமுறைகளுக்கும், மருத்துவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் நிலையாணைகளுக்கும் உட்பட்டு இவர் மருந்து கொடுக்கலாம், பரிசோதனைகளுக்கு எழுதலாம், சிகிச்சைக் கருவிகளைத் தேர்ந்தெடுக்கலாம். நோயாளியைத் தேர்வதிலிருந்து, விளைவை மதிப்பிட்டுச் சிக்கலைக் கையாள்வது வரை பொறுப்பும் இவருடையதே. ஊன்றிப் பார்த்தால், பொறுப்பு ஆளிடமும் அதிகாரம் நிறுவனத்திடமும் இருப்பது தெரியும். மதுரையில் ஒரு மருத்துவமனையின் நிலையாணைப்படி ரத்த அழுத்தத்தைத் தாங்கும் நோரட்ரினலின் மருந்தின் அளவைக் கூட்டிக் குறைத்தவர், நிலையாணையே எழுதப்படாத வேறொரு மருத்துவமனைக்கு மாறினால் அந்த நாளிலிருந்து மற்ற ஸ்டாஃப் நர்ஸ்களில் ஒருவராகிவிடுகிறார். படித்த படிப்பு கூட வருகிறது, படிப்பு தந்த அதிகாரம் வருவதில்லை.

மற்ற நாடுகளின் வரலாற்றை இங்கே வரிசை பார்த்து வாசிக்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் 1965இல் பொதுச் சுகாதாரச் செவிலியரான லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவரான ஹென்றி சில்வரும் தொடங்கிய குழந்தைநல நர்ஸ் பிராக்டிஷனர் திட்டம் ஒரு செயல்விளக்க முயற்சிதான். மருத்துவர் எட்டாத இடங்களில் குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. பணி முதலில் வந்தது. 1971இல் ஐடஹோ மாநிலம் அதைச் சட்டத்தில் ஏற்றது. முதுநிலைப் பட்டம் பொதுத் தகுதியாக நிலைபெற்றது அதற்கும் வெகுகாலம் கழித்து. சிங்கப்பூர் வேறு விதம். தேசியப் பல்கலைக்கழகம் 2003இல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது, 2006இல் தனிப் பதிவேடு வந்தது. பட்டம் வாங்கியதும் பதிவு கிடைத்துவிடாது. மேற்பார்வையில் பயிற்சிக் காலம் முடித்து மதிப்பீட்டில் தேறியாக வேண்டும். மருத்துவரோடு கூட்டாக மருந்து எழுதும் உரிமைக்கான பயிற்சி 2018இல் வந்தது. பணியில் தொடங்கிப் பட்டத்துக்குப் போனது அமெரிக்கா. பட்டத்தையும் பதிவையும் சில ஆண்டு இடைவெளியில் இணைத்தது சிங்கப்பூர். நாமோ பட்டத்தைக் கொடுத்துவிட்டு மற்றவை தாமாக வரும் என்று காத்திருக்கிறோம். 2017ஆம் ஆண்டின் தேசிய நலக் கொள்கையே நர்ஸ் பிராக்டிஷனருக்குத் தனிப் பணித் தொகுதி வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கும்போது, இந்தக் காத்திருப்புக்கு நியாயம் சொல்வது கடினம்.

எதிர்வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மருத்துவர் பற்றாக்குறையை மலிவாக மூட இது ஒரு வழியாகிவிடும் என்கிறார்கள். ஆரம்ப நல மருத்துவத்தில் இதற்குச் சான்றோடு பதில் உண்டு. 2000இல் வெளியான மண்டிங்கர் குழுவின் ஆய்வில், 1,316 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, நர்ஸ் பிராக்டிஷனரிடமும் மருத்துவரிடமும் அனுப்பப்பட்டனர். உடல்நல விளைவுகள் ஒப்பாகவே இருந்தன. 18 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் அதே திசையில் நிற்கிறது. ஆனால் இவை வெளிநோயாளிச் சூழலில், செவிலியருக்குச் சட்டமும் பின்துணையும் உள்ள நாடுகளில் பெரும்பாலும் செய்யப்பட்டவை. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு இவற்றை அப்படியே பொருத்திக் காட்டுவது ஆய்வு நேர்மை ஆகாது. தீவிர சிகிச்சைக்கு நம் வாதம் வேறு இடத்திலிருந்து எழ வேண்டும்.

அந்த இடம் இரவுப் பணி. ரத்த அழுத்தம் சரிவதையும், சிறுநீர் அளவு குறைவதையும், மூச்சின் தாளம் மாறுவதையும் முதலில் காண்பவர் செவிலியர். கண்டதற்கும் செய்வதற்கும் இடையே ஓடும் நிமிடங்களில்தான் செப்டிக் அதிர்ச்சி முற்றுகிறது. மருத்துவரின் இடத்தை நிரப்புவதைவிட அந்த இடைவெளியைக் குறைப்பதே இப்படிப்பின் உண்மையான பயன். செவிலியரின் கல்வித் தரத்துக்கும் உயிர் பிழைப்புக்கும் உள்ள தொடர்பு ஆதாரமில்லாத நம்பிக்கை அன்று. 2014இல் லிண்டா எய்கனும் குழுவினரும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளின் 4,22,730 அறுவை நோயாளிகளை ஆராய்ந்தனர். பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 விழுக்காடு கூடுமிடத்தில் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அந்த வாய்ப்பு 7 விழுக்காடு ஏறியது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிறுவும் ஆய்வு அன்று. ஆயினும் ஒன்றை எச்சரிக்கிறது. வார்டுகளில் போதிய செவிலியரை நியமிக்காமல், சிலருக்கு மட்டும் உயர்பட்டம் தந்து கணக்கைச் சரிசெய்ய முடியாது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் கீழ் வகுக்கப்படும் விதிகளில் மூன்றை எதிர்பார்ப்பது மிகையாகாது. முதலாவது, நர்ஸ் பிராக்டிஷனருக்கு மாநிலம் தாண்டியும் செல்லுபடியாகும் தனிப் பதிவேடு; அதில் இடம்பெற மேற்பார்வைக் காலமும், இடம் தக்கவைக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடும் வேண்டும். அடுத்து, மருந்து எழுதும் உரிமையின் எல்லை. எந்த மருந்துகள், எந்த அளவு வரை, எப்போது மருத்துவரை அழைத்தே தீர வேண்டும் என்பன மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறாமல் பட்டியலாக இருக்க வேண்டும். மூன்றாவதை நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். நிலையாணைப்படி இரவு இரண்டு மணிக்கு எடுத்த ஒரு முடிவு பிழையாகப் போனால், அந்த ஆணையில் கையெழுத்திட்ட மருத்துவரும், அதை நடைமுறைக்கு விட்ட நிர்வாகமும், செய்த செவிலியரும் எந்தெந்த அளவில் பதில் சொல்ல வேண்டும் என்பதை விதியே சொல்லியாக வேண்டும். இப்போது அது எழுதப்படாமல் கிடக்கிறது. எழுதப்படாத இடத்தில் பழி எப்போதும் கீழ்ப்படியில் நிற்பவர் மேல்தான் விழுகிறது.