பெருவிரல் அடையாளமும் வாக்குமூலமும்



பொலிஸாரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் நீதிமன்றில் செல்லாது என்பது நமது நாட்டில் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் வகுத்த விதியாகும். 1979இல் தற்காலிகமானதெனக் கொண்டுவரப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் அவ்விதியைத் தகர்த்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சரிடமோ அவரிலும் உயர்ந்தவரிடமோ அளித்த வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படலாயிற்று. அது பலவந்தமாகப் பெறப்பட்டது என நிரூபிக்கும் பொறுப்பும் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே சுமத்தப்பட்டது. மூடிய அறைக்குள் நிகழ்ந்ததற்கு அவர் எவரைச் சாட்சியாக அழைப்பார்? சிந்தித்துப் பாருங்கள்!

1993இல் கைதான நல்லரத்தினம் சிங்கராசா தமிழ் மட்டுமே பேசத் தெரிந்தவர். அவரது வாக்குமூலமோ சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. விளங்காத ஏட்டில் ஒப்பமிட மறுத்த தன்னிடம் பெருவிரல் அடையாளம் பலவந்தமாகப் பெறப்பட்டதாக அவர் முறையிட்டார். அந்த ஏட்டைக் கொண்டே 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1999இல் மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாகக் குறைந்தது.

நிர்ப்பந்தத்தின் பேரில் பெறப்பட்ட இக்ரார் செல்லாது என மத்ரஸாவில் ஃபிக்ஹு பாடத்தில் ஓதியிருக்கிறோம். அன்று அது வெறும் பரீட்சை வினாவாகவே எனக்குத் தோன்றியது.

நிரூபிக்கும் சுமையை அவர் மீது ஏற்றியது நீதியான விசாரணைக்கு முரணானது என ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004இல் தீர்மானித்து, விடுதலையோ மறுவிசாரணையோ வழங்கக் கோரியது. 2006இல் உயர் நீதிமன்றம் அவரது மனுவை நிராகரித்தது. தடுப்புக் காவலின் உச்ச எல்லையை 18 மாதங்களிலிருந்து 12 ஆகக் குறைத்த 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் வாக்குமூலப் பிரிவைத் தொடவில்லை.