ஓடின் அரியணையில், தோர் கழுத்தில்

வடபுலத் தெய்வங்களை ஆராயப் புகும் மாணவர் பெரும்பாலும் முதலில் எடுப்பது, ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220ஐ ஒட்டி எழுதிய 'எட்டா'வை. அதில் ஓடினே தலைவன், கிரேக்கரின் சியூஸைப் போலத் தெய்வங்களின் தந்தை. ஆனால் அது ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தைத் தழுவி இருநூறு ஆண்டுகள் கழிந்தபின், அரசவைக் கவிமரபில் ஊறிய ஒருவர் எழுதிய நூல். எளிய மக்களின் நெஞ்சில் முதலிடம் இடிக் கடவுளான தோருக்கே என்பது என் துணிபு. ஐஸ்லாந்தில் அவன் பெயர் தாங்கிய இடங்கள் பல, ஆட்பெயர்களோ ஏராளம். ஓடின் பெயரில் அங்கே ஊர் தேடுவது வீண். டென்மார்க்கின் கிளாவென்ட்ரப் கல்லில், பொறித்த எழுத்துகளைப் புனிதப்படுத்த அழைக்கப்படுபவனும் தோர்தான்.

டென்மார்க்கிலேயே ஓடினின் பெயரால் ஓடென்சே நகரம் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மன்னரும் கவிஞரும் ஓடினைப் போற்றினர் என்பதை நான் மறுக்கவில்லை. ஸ்வீடனின் உப்சாலா கோயிலில் தோரே நடுவில் வீற்றிருந்தான் என 1070களில் எழுதிய பிரேமன் ஆடமும் பிறர் சொல்லக் கேட்டு எழுதியவர். அவரை மட்டும் நம்பி வாதாட முடியாது. ஆனால் டென்மார்க்கின் டிரென்ட்கார்டனில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டு வார்ப்பச்சைப் பாருங்கள். கழுத்தில் அணியும் சிலுவைக்கும் தோரின் சுத்தியலுக்கும் ஒரே கல்லில் குழி வெட்டியிருக்கிறான் கைவினைஞன். இரண்டையும் கேட்டு வந்தவர்கள் இருந்திருக்க வேண்டும். புது மதத்தின் சின்னத்துக்கு அருகே அவன் செதுக்கிய பழைய சின்னம் ஓடினின் ஈட்டி அல்ல.