திருநாளும் சட்டமும்



1657-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள். இலண்டன் மாநகரில் ஸ்டிராண்டு என்னும் பெருவீதியில் அமைந்த எக்ஸீட்டர் மாளிகையின் சிற்றாலயத்தில் சிலர் கூடி வழிபட்டுக்கொண்டிருந்தனர். பீட்டர் கன்னிங் என்னும் குரு அருளுரை ஆற்றி முடித்துத் திருவிருந்து வழங்கலானார். அவ்வேளையில் படைவீரர் ஆலயத்தைச் சூழ்ந்துகொண்டனர். மண்டியிட்டிருந்தவர்களை நோக்கித் துப்பாக்கிகளை நீட்டினர். வழிபட வந்தோர் அனைவரும் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஜான் ஈவ்லின். அவர் எழுதிய நாட்குறிப்பிலிருந்துதான் இந்நிகழ்ச்சியை நாம் அறிகிறோம். அவரிடம் அதிகாரிகள் கேட்ட முதற்கேள்வி யாது? "கிறிஸ்து பிறந்த நாளைக் கொண்டாடலாகாது என்று ஆணை இருக்க, நீர் ஏன் கொண்டாடினீர்?" என்பதே.

இதைக் கேட்கும் உங்களுக்கு வியப்பாக இருக்கும். கொண்டாடியவரும் கிறிஸ்தவர், தடுத்தவரும் கிறிஸ்தவர். ஒரே மறைநூலை ஓதுபவர்களே அத்திருநாளைக் குற்றமாக்கியது எவ்வாறு? நான் வரலாறு கற்பித்த காலத்தில் ஆண்டுதோறும் மாணவர்கள் இதே வினாவை எழுப்புவர். இன்று அதற்கு விரிவாக விடை கூற முயல்கிறேன்.

முதலில் 'பங்கு' என்னும் சொல்லைப் புரிந்துகொள்வோம். ஒரு கோயிலும் அதைச் சார்ந்த மக்களும் அடங்கிய வட்டாரத்தைத் தமிழகக் கத்தோலிக்கர் பங்கு என்பர். தென்னிந்தியத் திருச்சபையார் சேகரம் என்பர். பங்கு என்பது அழகிய சொல். உரிமையும் பங்குதான், கொடுக்க வேண்டிய கடமையும் பங்குதான். இங்கிலாந்தில் அக்காலத்தில் 9,000-க்கும் மேற்பட்ட பங்குகள் இருந்தன. அவை வழிபாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. 1538-ஆம் ஆண்டு முதல் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் பதிவேட்டில் எழுதி வைத்தது பங்கு. 1555-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊர்ச்சாலைகளைச் செப்பனிட்டது பங்கு. 1601-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தின்படி வரி திரட்டி, முதியோரையும் அநாதைகளையும் பேணியதும் பங்கே. ஒருவன் பிறந்ததும், மணந்ததும், பசித்ததும், மடிந்ததும் பங்கின் ஏடுகளில் பதிவாயின. கோயிற் காப்பாளர் எனப்படுவோர், அவ்வூர் மக்களுள்ளிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்கு உதவும்.

இத்தகைய பங்கின் ஆண்டு வாழ்வில் கிறிஸ்துமஸ் ஒரு நாள் விழா அன்று. அதற்கு முன்னுள்ள நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் திருவருகைக் காலம். மனத்தை ஆயத்தம் செய்யும் காலம். டிசம்பர் 25 முதல் ஜனவரி 6 வரை திருநாட்காலம். கோயில்களில் ஹாலி, ஐவி ஆகிய வாடாப் பசுந்தழைகளைத் தோரணமாகக் கட்டினர். அவற்றை வாங்கிய செலவு பங்குகளின் பழைய கணக்கேடுகளில் எழுதப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். குளிர்காலத்தின் நடுவில் உழவு வேலை குறையும். அப்போது பெருநிலக்கிழார் தம் குடிகளை அழைத்து விருந்திடுவது மரபு. முதலாம் ஜேம்ஸ் மன்னர், இலண்டனில் தங்கிப் பொழுதுபோக்கும் செல்வர்கள் தத்தம் ஊர்களுக்குச் சென்று இவ்விருந்தோம்பலைச் செய்ய வேண்டுமென்று ஆணைகளே பிறப்பித்தார். ஆகவே ஏழைக்கு அத்திருநாள் வயிறார உண்ணும் நாள், ஓய்வு நாள், மேல்நிலையில் உள்ளோர் வாயிலில் தானும் ஒரு விருந்தினனாக நிற்கும் நாள்.

இனி எதிர்த்தவர்களின் வாதத்தைக் கேட்போம். ஒருவரைக் குறை கூறுமுன் அவர் கூறுவதைச் செவ்வையாகக் கேட்பது வரலாறு கற்போர்க்கு முதற்கடமை. எதிர்த்தவர்கள் பியூரிட்டன்கள் எனப்படும் தூய்மையாளர்கள். அவர்கள் மும்முனையாக வாதிட்டனர். ஒன்று: கிறிஸ்து பிறந்த நாள் இன்னதென்று மறைநூலில் குறிக்கப்படவில்லை. இது உண்மையே. டிசம்பர் 25 உரோமாபுரியில் அத்திருநாளாக வழங்கியதற்கு நான்காம் நூற்றாண்டு ஏட்டிலேதான் தெளிவான சான்று கிடைக்கிறது. இரண்டு: கிறிஸ்துமஸ் என்னும் பெயரின் ஈற்றில் நிற்பது 'மாஸ்', அதாவது கத்தோலிக்கத் திருப்பலி, அதைக் கைவிட்ட திருச்சபைக்கு அப்பெயர் பொருந்தாது. மூன்று: அந்நாட்களில் நடப்பவை குடியும் சூதும் கூத்துமே. 1583-ஆம் ஆண்டிலேயே பிலிப் ஸ்டப்ஸ் என்பவர் தாம் எழுதிய நூலில் இவ்வொழுக்கக் கேட்டைக் கடுமையாகச் சாடியிருந்தார். ஆண்டவனின் பெயரால் அவனுக்கே இழிவு செய்வதைக் காட்டிலும் அந்நாளை விட்டுவிடுவது மேல் என்று அவர்கள் உளமார நம்பினர்.

1642-இல் மன்னர் முதலாம் சார்லசுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. பாராளுமன்றத்தில் தூய்மையாளர் கை ஓங்கியது. ஒவ்வொரு திங்களின் இறுதிப் புதன்கிழமையும் அப்போது நோன்பு நாளாக விதிக்கப்பட்டிருந்தது. 1644-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அத்தகைய புதன்கிழமையாக அமைந்தது. விருந்தா, நோன்பா என்ற கேள்வி எழ, நோன்பையே இன்னும் உருக்கமாக நோற்க வேண்டும் என்று பாராளுமன்றம் கட்டளையிட்டது. 1645-இல் பழைய வழிபாட்டு நூல் விலக்கப்பட்டுப் புதிய நெறிநூல் வந்தது. ஆண்டவரின் நாளாகிய ஞாயிறு தவிர வேறு திருநாள் எதுவும் இல்லை என்று அது விதித்தது. 1647 ஜூன் மாதம் கிறிஸ்துமஸ் உள்ளிட்ட திருநாட்கள் வெளிப்படையாக ஒழிக்கப்பட்டன. ஓய்வின்றித் தவிக்கும் வேலையாட்களுக்கும் மாணவர்களுக்கும் ஈடாக, ஒவ்வொரு திங்களிலும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டது.

இங்கே ஒரு பிழையைத் திருத்த விரும்புகிறேன். கிறிஸ்துமஸைத் தடை செய்தவர் ஆலிவர் கிராம்வெல் என்று பலர் எழுதுகின்றனர். இந்த ஆணைகள் பிறந்தபோது அவர் பாராளுமன்ற உறுப்பினரும் படைத்தலைவருமாக இருந்தாரேயன்றி நாட்டின் தலைவர் அல்லர். அவர் காப்பாளர் பதவி ஏற்றது 1653 டிசம்பரில்தான். அவர் ஆட்சியிலும் தடை நீடித்தது என்பது மெய். அவரே அதைப் பிறப்பித்தார் என்பது மெய்யன்று.

ஆணை வந்தது, மக்கள் என்ன செய்தனர்? 1647-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் கேன்டர்பரி நகரில் வழக்கம்போல் சந்தை கூட வேண்டுமென்று நகரத் தலைவர் முரசறைவித்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு கடைகளே திறந்தன. அவற்றையும் மூடுமாறு கூட்டம் வற்புறுத்தியது. கைகலப்பு மூண்டது, நகரத் தலைவரே அடிபட்டு வீழ்ந்தார். சிலர் தெருவிலே பந்தாடினர். வீட்டு வாயில்களில் ஹாலித் தழைகள் தோன்றின. நகரம் கலகக்காரர் கையில் விழுந்தது. பின்னர்ப் படை வந்து நகர வாயில்களை எரித்தது. 1648 மே மாதம் கலகக்காரர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டபோது, குற்றம் சாட்ட இடமில்லை என்று கூறி நடுவர் குழுவினர் மறுத்துவிட்டனர். அதைத் தொடர்ந்து கென்ட் மாவட்டம் முழுதும் கிளர்ந்தெழுந்து, இரண்டாம் உள்நாட்டுப் போரில் இறங்கியது. ஜூன் முதல் நாள் மெய்ட்ஸ்டன் என்னுமிடத்தில் தளபதி பேர்பாக்ஸ் அக்கிளர்ச்சியை முறியடித்தார். மக்கள் கிளர்ந்ததற்கு வரிச்சுமை, மன்னர்பால் பற்று ஆகிய வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் முதற்பொறி விழுந்தது கிறிஸ்துமஸ் அன்று என்பதை மறுக்க முடியாது.

அதே நாளில் இலண்டனில் நடந்தது இன்னும் சுவையானது. பாராளுமன்ற மக்கள் சபையினர் வழிபடும் பங்குக் கோயில், வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள புனித மார்கரெட் கோயில். சட்டம் இயற்றியவர்களின் காலடியிலேயே அக்கோயில் தழைகளால் அணிசெய்யப்பட்டது; அருளுரையும் நிகழ்ந்தது. அதற்காக அதன் காப்பாளர்கள் தண்டம் செலுத்த நேர்ந்தது. பிற இடங்களிலும் தடைக்காலத்தில் சில பங்குகள் கிறிஸ்துமஸ் திருவிருந்துக்கு அப்பமும் திராட்சை இரசமும் வாங்கிய செலவைத் தம் கணக்கேட்டில் அஞ்சாது எழுதி வைத்தன.

மாணவர்களே, சட்டம் ஏன் தோற்றது என்பதை இப்போது நீங்களே உணரலாம். ஆணை பிறந்தது பாராளுமன்றத்தில். அதை நிறைவேற்ற வேண்டியவரோ பங்கின் காப்பாளர். அவர் அண்டை வீட்டார் முகத்தில் நாளையும் விழிக்க வேண்டியவர். அன்றியும், பாராளுமன்றம் ஓய்வுக்கு ஈடாக ஓய்வைக் கொடுத்தது. நினைவுக்கு ஈடாக எதையும் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமையில் வேலை இல்லைதான். ஆனால் அந்நாளில் பாட்டி சொன்ன கதை இல்லை. கோயிலில் தழையின் மணம் இல்லை. யார் வாயிலிலும் ஏழைக்கு உரிமை இல்லை.

1660-இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். மன்னரின் இசைவு பெறாத அந்த ஆணைகள் செல்லாதவையாயின. அவ்வாண்டு டிசம்பர் 23-ஆம் நாள் கோயிலுக்குச் சென்ற சாமுவேல் பெப்பீஸ், தம் இருக்கை முழுவதும் மணமுள்ள தழைகளால் மூடப்பட்டிருந்ததை நாட்குறிப்பில் எழுதினார். கடல் கடந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலோ, 1659-இல் இத்திருநாளைக் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதிக்கப்பட்டது. 1681-இல்தான் அச்சட்டம் நீங்கியது. இங்கிலாந்தில் பங்கு வாழ்வு மீண்ட இருபதாம் ஆண்டில், 1680-இல், அதே வழிபாட்டு மரபோடு நம் சென்னைக் கோட்டைக்குள் புனித மேரி கோயில் திருநிலைப்படுத்தப்பட்டது. பதிவேடும் காப்பாளரும் கொண்ட அந்தப் பங்கு முறை அவ்வாறு நம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது.

அப்படியானால் தூய்மையாளர் முற்றிலும் தோற்றனரா? நான் அவ்வாறு கருதவில்லை. திருநாளைச் சட்டத்தால் ஒழிக்க முடியாது என்பது போலவே, சட்டத்தால் அதைப் புனிதமாக்கவும் முடியாது. 1660-இல் குடியும் சூதும் திருநாளோடு சேர்ந்தே திரும்பின. 'இந்நாளை எவ்வாறு தூயதாகக் காப்பது?' என்று அவர்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்கு அவர்கள் தந்த விடைதான் பிழையானது.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு நூல்களால் மட்டும் வந்ததன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு இளம் தலைமையாசிரியனாகச் சென்றேன். அவ்வூரில் மார்கழிப் பனியில் பிள்ளைகள் இரவுதோறும் விளக்கேந்தித் தெருத்தெருவாகக் கிறிஸ்து பிறப்புப் பாடல் பாடிச் செல்வர். காலையில் வகுப்பில் தூங்கி விழுவர். அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான் வரும். 'இவ்வாண்டு பள்ளிப் பிள்ளைகள் எவரும் பாடச் செல்லலாகாது' என்று ஆணையிட்டேன். பெற்றோர் என் பதவிக்கு அஞ்சிப் பணிந்தனர். மதிப்பெண்களும் சற்று உயர்ந்தன. நான் மகிழ்ந்தேன்.

திருநாள் கழிந்த மறுநாள், ஊர்க்கோடியில் தனியே வாழ்ந்த மூதாட்டி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கருப்பட்டிச் சிப்பம். "ஐயா, பிள்ளைகளுக்குச் சுக்குக் காப்பி போட வாங்கி வச்சேன். ஒவ்வொரு ராத்திரியும் விளக்கைப் பொருத்தி வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் வரலியே. நான் ஏதும் தப்புச் செஞ்சிட்டேனா?" என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. ஆண்டில் அந்தச் சில இரவுகளில்தான் அவர் வாயிலில் பிறர் வந்து நிற்பர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேன்டர்பரியைப் பற்றிப் பல ஆண்டு பாடம் நடத்திய நான், என் ஊரிலேயே அந்தப் பாராளுமன்றமாக இருந்திருக்கிறேன்!

அடுத்த ஆண்டு தடையை நீக்கினேன். ஒன்பது மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற ஒரு வரையறையை மட்டும் ஊர்ப் பெரியோரைக் கலந்து விதித்தேன். ஊர்க்கோடி வீட்டிலிருந்து பாடத் தொடங்குமாறு பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டேன்.

மாணவர்களே, எச்சமயத்தின் திருநாளாயினும் சரி, அதைப் புனிதமாகக் காப்பது என்பது அதில் ஒருவர்க்கும் பங்கு இல்லாமற் போகாதபடி காப்பதாகும். நாளை நீங்கள் ஆணையிடும் பதவிகளில் அமர்வீர்கள். ஒரு வழக்கத்தை ஒழிக்கு முன், அதை எதிர்பார்த்து எந்த வீட்டு வாயிலில் விளக்கு எரிகிறது என்று ஒருமுறை நடந்து சென்று பாருங்கள்.